சீர் கேட்காத அறை



வீட்டை அழகுபடுத்துவது பற்றிப் பேச்செடுத்தால் நம்மில் பெரும்பாலோரின் எண்ணம் முன்கூடத்திற்கே செல்கிறது. வருவோர் அமரும் நாற்காலிகள், சன்னலில் பட்டுத்திரை, கண்ணாடி அலமாரியில் எடுத்துப் புழங்காத பீங்கான் கோப்பைகள் என்று அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும். நாளெல்லாம் உழைத்த உடல் சாய்கின்ற படுக்கையறையோ, வேறு இடம் இல்லாத பொருள்கள் ஒதுங்கும் கிடங்காகக் கிடக்கும். அந்த அறைக்குப் புதுப்பொருள் வருவது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். மகனின் நிக்காஹ்வை ஒட்டி, பெண் வீட்டாரின் செலவில் வரும்! கட்டில், மெத்தை, பீரோ, நிலைக்கண்ணாடி மேசை எல்லாம் வண்டியில் வந்து இறங்குவதைத் தெருவே நின்று பார்க்கும். அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு தகப்பனாரின் கடன் பத்திரமும் வருகிறது என்பதை மட்டும் எவரும் பார்ப்பதில்லை.

அந்த வண்டி வராமலேயே ஒரு படுக்கையறையை அழகுறச் செய்ய முடியுமா? முடியும் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்தே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் வாழ்வது ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளியில். தக்காளியும் பூவும் விளைகின்ற மண். 2004-ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கர்நாடக எல்லை அருகில் இருப்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் எங்கள் தெருவில் ஒலிக்கும். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து இவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை சங்கொலிக்கு ஏற்ப நடக்கத் தொடங்கியது. என் மகனும் ஒரு தொழிற்சாலையில்தான் பணிபுரிகிறான். ஒரு வாரம் காலை முறை, ஒரு வாரம் மாலை முறை, ஒரு வாரம் இரவு முறை.

அவனுக்கு நிக்காஹ் பேசி முடித்தபோது, சம்பந்தி வீட்டார் வழக்கப்படி சீர்ப் பட்டியலோடு வந்தனர். அவருக்கு இன்னும் ஒரு பெண் கரையேற்றப்பட வேண்டியிருந்தது. “கட்டில், பீரோ எதுவும் வேண்டாம். அந்த அறையை நாங்களே ஆயத்தம் செய்துகொள்கிறோம்” என்று நான் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஊர் என்ன சொல்லும் அம்மா?” என்று கேட்டார். ஊர் சொல்லத்தான் செய்தது. எங்கள் உறவினர் ஒருவரே, “வெறுங்கையோடு வரும் பெண்ணுக்கு வெறும் அறைதானா?” என்றார். ஆகவே அந்த அறை வெறும் அறையாக இருக்கக் கூடாது என்பது எனக்கு மானப் பிரச்சினை ஆயிற்று.

அறையின் அளவு பத்தடிக்கு ஒன்பதடி. வாடகை வீடு. மேலே சிமெண்ட் ஷீட் கூரை. கிழக்கே ஒரு சன்னல்.

காட்டேஜ் என்றால் என்ன?

நிக்காஹ்வுக்கு முன் மருமகளிடம், “உனக்கு அறை எப்படி இருக்க வேண்டும்?” என்று தொலைபேசியில் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கி ஒரு படத்தை அனுப்பினாள். வெள்ளைச் சுவர், மரக்கட்டில், பூப்போட்ட திரை, ஒட்டுத்துணிப் போர்வை, சன்னலோரம் ஒரு கோப்பையில் ரோஜா. “இதற்குக் காட்டேஜ் பாணி என்று பெயர், மாமி. ஆசையாகத்தான் அனுப்பினேன், இதெல்லாம் வேண்டும் என்று இல்லை” என்றாள்.

படத்தை உற்று நோக்கிய எனக்கு வியப்பே ஏற்பட்டது. காட்டேஜ் என்பது இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் உழவுக் கூலிகள் வாழ்ந்த சிறு வீடு. சுவருக்குச் சுண்ணாம்பு, பழந்துணியை ஒட்டித் தைத்த போர்வை, வேலியில் பூத்த பூ. ஏழ்மை கற்றுக்கொடுத்த சிக்கனத்தைத்தான் இன்று கடைகள் அழகென்று பெயரிட்டு அதிக விலைக்கு விற்கின்றன.

அந்தப் பூப்போட்ட திரையின் வரலாறு இன்னும் சுவையானது. அதுதான் நம் பாட்டிமார் அறிந்த சீட்டித் துணி. சோழமண்டலக் கரையில் சாயமிட்டு எழுதப்பட்ட இத்துணி கப்பலேறிச் சென்று ஆங்கிலேயரை மயக்கியது. தங்கள் நெசவாளர் நலிகிறார்கள் என்று அஞ்சிய ஆங்கிலப் பாராளுமன்றம் 1700-லும் 1721-லும் சட்டமியற்றித் தடுக்க வேண்டிய அளவுக்கு அந்த மயக்கம் இருந்தது. நம் மரைக்காயர்களும் துணி வணிகத்தில் கடல் கடந்தவர்கள்தாம். மலாய் நாட்டில் கைலிக்கு ‘பெலிக்காட்’ என்ற பெயர் நிலைத்திருப்பது நம் பழவேற்காட்டின் நினைவாகத்தான். நம் கரையிலிருந்து போன அழகை நாம் கடன்பட்டு வாங்குவானேன்?

நாங்கள் செய்தவை

முதலில் கூரை. சிமெண்ட் ஷீட் பகலில் அனலையும் மார்கழியில் குளிரையும் நேரே அறைக்குள் இறக்கும். வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று, ஷீட்டின் மேற்புறம் கெட்டியாகச் சுண்ணாம்பு பூசினோம். வெண்மை வெயிலைத் திருப்பிவிடும். ஏணியில் நின்று நீண்ட கழியில் கட்டிய தூரிகையால்தான் பூச வேண்டும். ஷீட்டின் மேல் கால் வைத்தால் உடையும். பழைய ஷீட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குப் பகை. ஆதலால் அதில் துளையிடுவதோ உலர்ந்த நிலையில் தேய்ப்பதோ கூடாது. சுவருக்கும் சுண்ணாம்புதான், சிறிது நீலம் சேர்த்தோம்.

அடுத்தது கட்டில். தொழிற்சாலைகளுக்கு எந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப்பெட்டிகள் பழைய மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பெட்டிகளில் கதிர் போன்ற முத்திரை ஒன்று இருக்கும். அதனருகில் ‘எச்.டி.’ என்றிருந்தால் வெப்பமூட்டிப் பூச்சி நீக்கிய மரம், எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்டது, படுக்கையறைக்கு ஆகாது. ஆசாரி இரண்டு நாளில் தாழ்வான கட்டிலொன்றும் சுவரோரத் தட்டு ஒன்றும் செய்து கொடுத்தார். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியது என் மகன். பீரோவின் இடத்தை, கட்டிலுக்கடியில் இரண்டு தகரப் பெட்டிகள் ஏற்றுக்கொண்டன.

மெத்தைக்கு இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கம் பெயர்பெற்ற இந்தப் பஞ்சு எடையற்றது. நீரை எளிதில் உறிஞ்சாது. எங்கள் ஊர்ப் பனிக்கு ஏற்றது. மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டிவிட்டால் மீண்டும் உப்பிக்கொள்ளும்.

திரை இரட்டைத் திரை. உட்புறம் பூப்போட்ட சீட்டி. வெளிப்புறம் அடர்நிறத் தடித்த துணி. இது வெறும் அழகுக்காக அன்று. இரவு முறை முடித்து விடியலில் வரும் மகனுக்குப் பகலே இரவு. வெளிச்சத்தைக் கொண்டே உடல் தன் நேரத்தைக் கணக்கிடுகிறது. நம் அணுக்களுக்குள் இயங்கும் அந்தக் கடிகாரத்தின் செயல்முறையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கிழக்குச் சன்னலில் வெயில் நுழைந்துவிட்டால் அவன் அரைத் தூக்கத்தில் எழுந்து, அதே நிலையில் எந்திரத்தின் முன் நிற்க நேரும். ஓர் அறையின் இருள் ஒருவனின் விரலைக் காக்கிறது!

கடைசியாகப் போர்வை. சம்பந்தி வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: சம்பந்தியம்மா உடுத்திய பழைய நூல் புடவைகள் ஒரு மூட்டை. அவற்றோடு என் புடவைகளையும் சேர்த்து, அண்டை வீட்டு உருது பேசும் பாட்டியம்மாவின் மேற்பார்வையில் கோதடி தைத்தோம். கன்னடத்தார் இதைக் கவுதி என்பர். உத்தர கன்னடப் பகுதியில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் இத்தகைய போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்து, நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்று சிறு துணி மடிப்பை வைத்து முடிப்பார்களாம். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அதைக் கேட்ட மருமகள் எங்கள் கோதடிக்கும் நான்கு பூ வைத்தாள். இரண்டு தாய்மாரின் புடவையும் ஒரே போர்வையில் இணைந்திருப்பதைக் காட்டிலும் பெரிய சீர் எது?

வெறுமையும் ஓர் அலங்காரமே

மேற்குச் சுவரோரம் முஸல்லா விரிக்குமளவு இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டோம். கிப்லாவின் பக்கம் கால் நீளாதவாறு கட்டிலைப் போட்டோம். உருவப்படம் எதுவும் மாட்டவில்லை. உருவங்கள் இருந்த திரையை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பாதபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதை வீணாக்காமல் வெட்டித் தலையணையாக்கினார்கள் என்ற செய்தியை நீங்கள் அறிவீர்கள். எளிமையையும் சிக்கனத்தையும் ஒருசேரக் கற்பிக்கும் நிகழ்ச்சி அது.

கதவின் உட்புறம் நல்ல தாழ்ப்பாள் ஒன்றும் போட்டோம். பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவரும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்பது சூரத்துந் நூர் தரும் ஒழுக்கம். சிறுவருக்கே அப்படியென்றால் மாமியாருக்கு? நான் கதவைத் தட்டாமல் அந்த அறைக்குள் போவதில்லை. மருமகளுக்கு நான் கொடுத்த அலங்காரங்களில் அவள் மிகவும் விரும்புவது இதுதான் என்று பின்னர் என்னிடம் சொன்னாள்.

எல்லாம் சேர்த்துச் செலவு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. அதுவும் என் மகனின் சம்பாத்தியம். சம்பந்தி கடன் வாங்கவில்லை. அறையைப் பார்க்க வந்த உறவினர் கோதடியைத் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். சீர் எங்கே என்று கேட்கவில்லை.

மகனைப் பெற்ற சகோதரிகளே! உங்கள் வீட்டுப் படுக்கையறைக்கு எவர் கட்டில் கொண்டு வருவார் என்று காத்திராதீர்கள். ஒரு தகப்பனாரின் பெருமூச்சு படிந்த மெத்தையில் உங்கள் மகனுக்கு நிம்மதியான உறக்கம் வருமா? சுண்ணாம்பும் சீட்டியும் பழம்புடவையும் நம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. வரும் மருமகளிடம், “என்ன கொண்டு வருகிறாய்?” என்று கேட்பதை விடுத்து, “உனக்கு அறை எப்படி இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கேள்வியே உங்கள் இல்லத்தின் முதல் அலங்காரமாக அமையும்.