அத்தானின் வண்டி

மோட்டார் வண்டியைப் பற்றி எனக்குள்ள ஞானம், கதவைத் திறந்து ஏறி உட்காருவதோடு சரி. என் கதாநாயகர்களை எத்தனையோ முறை காரில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கார் எப்படி நிற்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. 'கிரீச்சிட்டு நின்றது' என்று எழுதினால் போதும், நின்றுவிடும். அந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால் இருக்கும் சமாசாரத்தை நான் தெரிந்துகொண்டது 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவில், என் தமக்கை வீட்டுக் கார் ஷெட்டில்.

போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா விஷயத்துக்கு வந்தாள்.

"நீ சொன்னாக் கேப்பான்டா. அவர் வண்டியிலே கை வைக்க வேண்டாம்னு சொல்லு."

'அவர்' என்றால் அத்தான். 2021-ல் காலமாகிவிட்டார். பழைய தபால் உறையைப் பிரித்து, திருப்பி ஒட்டி, மறுபடி உபயோகிக்கும் ரகம். அப்பேர்ப்பட்ட மனிதர் ஆயுளில் செய்த ஒரே ஊதாரித்தனம் அந்த வண்டி. டாட்ஸன் 240இஸட். நிஸான் கம்பெனியார் 1969-ல் வெளியிட்டது. ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர் எஞ்சின், நீண்ட மூக்கு. இரண்டு பேர்தான் உட்காரலாம். அத்தான் வாங்கியது 1972-ஆம் வருஷத்து வண்டி. இரண்டு பேர் கை மாறி 1996-ல் அவரிடம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குச் செய்த சிசுருஷையை ஒரு குழந்தைக்குச் செய்திருந்தால் அது வைத்தியம் படித்திருக்கும் என்று அக்கா சொல்வாள்.

அக்காள் மகனிடம் சமாதானம் பேசத்தான் ஷெட்டுக்குப் போனேன். வண்டியின் முன்பாகம் முட்டுக் கொடுத்து நிற்க, அவன் கீழே படுத்திருந்தான்.

"அம்மா அனுப்பினாங்களா? அந்த விளக்கைக் கொஞ்சம் பிடிங்க மாமா" என்றான்.

பிடித்தேன். என் தூது அத்துடன் முடிந்தது. ஏனென்றால் அடுத்தபடி அவன் சொன்ன சங்கதி என் வாயை அடைத்துவிட்டது. போன மாதம் மலைப்பாதையில் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து, கடைசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லையாம். எதிரே வண்டி எதுவும் வரவில்லை என்பது ஒன்றுதான் காப்பாற்றியிருக்கிறது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கிடுக்கிக்குக் காலிப்பர் என்று பெயர். காலால் மிதித்தால், குழாயில் உள்ள திரவம் பிஸ்டன்களைத் தள்ள, அவை கட்டைகளைத் தட்டின்மேல் அழுத்துகின்றன. அத்தான் வண்டியில் முன்சக்கரம் ஒன்றுக்கு இரண்டு பிஸ்டன்; பின்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக். அவன் மாட்ட நினைத்ததோ, 1980-களின் ஆரம்பத்தில் டொயோட்டா கம்பெனியார் செய்த, நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியின் காலிப்பர். அதற்கு நான்கு பிஸ்டன். பெரிய கட்டை, சூட்டை அதிகம் தாங்கும்.

கம்பெனி வேறு, குலம் வேறு. ஒன்று சீமாட்டி, மற்றது மூட்டை சுமப்பது. ஆனால் போல்ட் துளைகளின் இடைவெளி இரண்டுக்கும் ஒன்றாக அமைந்துவிட்டது! ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதுமா? சீர்வரிசைத் தகராறு இல்லாமல் கல்யாணம் ஏது? தட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பு இடித்தது, வெட்டினான். குழாய் எட்டவில்லை, புதிது வளைத்தான். புது பிஸ்டன்களுக்குத் திரவம் அதிகம் வேண்டும் என்பதால் மிதி ஆழமாக இறங்குமாம். அதற்காக 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு, பின்னால் வந்த 280இஸட்எக்ஸ் வண்டியின் 15/16 அங்குலச் சிலிண்டரை வைத்தான்.

"இனிமேல் உடனே நின்றுவிடுமா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை நிக்கிற தூரம் டயர் கையிலே இருக்கு மாமா. பத்தாவது தடவையும் அதே மாதிரி நிக்கணும், அதுக்குத்தான் இது."

கடைசியில் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் படலம். நான் வண்டியில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அவன் காலிப்பரில் உள்ள சிறு திருகைத் திறந்து மூடுவான். "மிதிங்க... பிடிங்க... விடுங்க..." ஒரு மணி நேரம் ஆயிற்று. மிதி பஞ்சு மூட்டை மாதிரியே இருந்தது. எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தத் திருகு கீழே இருக்கே, ஏன்?"

"அது அப்படித்தாம்மா."

"அவர் பண்ணும்போது மேலேதான் இருக்கும். காத்து மேலேதானே போகும்?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். இடது பக்கத்துக் காலிப்பரை வலது பக்கத்திலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கிறான்!

"உனக்கு எப்படி அக்கா தெரியும்?" என்றேன்.

"இருபது வருஷத்துக்கு மேலே வேற யாரு மிதிச்சா?"

கழற்றி மாற்றி முடிக்க இருட்டிவிட்டது. நான் மறுபடி ஏறப் போனேன். "நீ நகரு" என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். அவன் சொல்வதற்கு முன்பே மிதித்தாள், "பிடிச்சிருக்கேன்" என்றாள், திருகு மூடிய பிறகு விட்டாள். அரை மணியில் மிதி கல் மாதிரி ஆகிவிட்டது. அப்புறமும் அவள் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தாள். நாங்கள் சாமான்களைப் பொறுக்கி வைப்பதுபோல் பாவனை செய்தோம்.

இரவு அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மலையிலே என்னமோ ஆகியிருக்கு. அன்னிக்கு முகம் வெளுத்து வந்தான். நான் கேட்கலை. வண்டியைத் தூக்கிப் போட்டுடுவான்னு நினைச்சேன், பிரேக்கை மாத்தறான். நல்லா நிக்கும்னு தெரிஞ்சா இன்னும் வேகமாத்தானேடா போவான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

மறுநாள் பார்த்தபோது, பழைய காலிப்பர்கள் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, ஷெட்டின் அலமாரியில் இருந்தன. ஒன்றின் மேல் 'இடது', மற்றதன் மேல் 'வலது' என்று அக்காவின் கையெழுத்து.

சாயங்காலம் அவள் அவனோடு கடைக்குப் புறப்பட்டாள். இரண்டே இருக்கையாதலால் நான் வாசலில் நின்றேன். தெருமுனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றது. கிரீச்சிடவில்லை.