ஸ்டாப்பர் கட்சி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், விம்கோ நகர் பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. அந்த வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்ததே தீப்பெட்டி ஆலைதான். என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., இன்னும் வடக்கே போனால் லேலண்ட், அதையும் தாண்டினால் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். முதல் ஷிப்ட் விட்டு வருகிறவர்களும், துறைமுகத்துக்குள் போக முறை வராமல் கண்டெய்னர் லாரியை ஓரங்கட்டிவிட்டு இறங்குகிற டிரைவர்களும் அந்தக் கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள். பேச்சு சம்பளத்தில் தொடங்கும், அரசியலில் சூடேறும், கடைசியில் கால்பந்துக்கு வந்துவிடும். சேப்பாக்கம் கிரிக்கெட் ஊருக்கே பொது. ஆனால் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் எங்கள் பக்கத்துக் குப்பங்களின் மணலிலும் பிள்ளைகள் முதலில் உதைத்துப் பழகியது கால்பந்தைத்தான்.

பெஞ்சின் ஓரத்து இடம் பெரியப்பாவுக்கு. அவர் ஓர் ஆலையில் டர்னர். எண்பதுகளில் அந்த ஆலை அணியின் ஸ்டாப்பர், பின்வரிசை நடுவில் நின்று தடுக்கிற ஆள். அந்தக் காலத்தில் சென்னைக் கால்பந்தின் முதுகெலும்பே இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே மாதிரியான அலுவலக அணிகள்தாம். பந்து நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் வீடு நிமிரும். இந்தியன் வங்கிக்கு ஆடிய சபீர் பாஷாவின் ஆட்டத்தைச் சொல்லும்போது பெரியப்பாவின் கால் தரையில் தானாக நகரும். பல வருஷம் கழித்து அதே பாஷா சென்னையின் எஃப்.சி.யில் உதவிப் பயிற்சியாளராக வந்து நின்றபோது, சொந்தக்காரர் ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததுபோல எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

2014 அக்டோபரில் ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் தொடங்கியதும் கடைக்காரர் தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கி மேல் பலகையில் டி.வி.யை வைத்தார். சென்னை அணியில் முதல் வருஷம் எலானோ. 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு இரண்டு கோல் போட்டவர், நம் ஊர் நேரு ஸ்டேடியத்தில் ஃப்ரீ கிக் அடிக்கிறார் என்பதே எங்களுக்குத் திகைப்பு. எட்டு கோலோடு அந்த சீசனின் முதல் ஆளும் அவர்தான். ஆனாலும் அணியின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற வாதத்துக்குள் எலானோவை யாரும் நீண்ட காலம் இழுக்கவில்லை. அவர் வந்து போன விருந்தாளி.

உண்மையான சண்டை 2015-இல் ஆரம்பித்தது. நவம்பர் பாதி வரை பட்டியலின் அடியில் கிடந்த அணி, அதன்பின் வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அதற்குள் டிசம்பர் வெள்ளம் ஊரையே மூழ்கடித்துவிட்டது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போயிற்று. எங்கள் தெருவில் அப்போதுதான் தண்ணீர் வடிந்து, வீட்டுச் சாமான்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த ராத்திரி பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா ஆளுக்கு ஒன்று போட்டு கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தபோது, கடை வாசலில் சேறு காயாத காலோடு ஆடினோம். எட்டு நாள் கழித்து கோவாவில் இறுதி ஆட்டம். 90-வது நிமிஷத்தில் கோவா கீப்பர் கட்டிமணி கைப்பட்டு சமநிலை. அடுத்த மூச்சில் மெண்டோசா வெற்றி கோல். கொலம்பியாக்காரர் ஸ்டீவன் மெண்டோசா அந்த வருஷம் 13 கோல். பசங்களுக்கு அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பெரியப்பா ஒப்பவில்லை.

"கோல் போட்டவன் பேரு பேப்பர்ல வரும் நைனா. கோல் வுழாம காப்பாத்துனவன் பேரு எங்க வரும்? மைல்சன்னு ஒருத்தன் பேக்ல நின்னான், பாத்தியா நீ?"

அன்றிலிருந்து அவருக்கு ஸ்டாப்பர் கட்சி என்று பெயர் விழுந்துவிட்டது. கட்சியில் ஆரம்பத்தில் ஒரே உறுப்பினர்.

அந்தப் பத்தாண்டு எங்கள் பக்கத்தை நிறைய அலைக்கழித்தது. 2016-இல் வர்தா புயல். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையெல்லாம் கறுப்பு எண்ணெய். கடை பெஞ்சில் மெண்டோசாவுக்காகத் தொண்டை கிழியக் கத்திய பசங்களே வாளி வாளியாக அந்தக் கசடை அள்ளினார்கள். உடம்பில் ஒட்டியது நாள்கணக்கில் போகவில்லை. அந்த மார்ச்சிலேயே 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடினார்கள். 1970-லிருந்து வேலை செய்த நிலையம். அதை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். நெடுஞ்சாலை நடுவில் மெட்ரோ தூண்கள் எழும்பின, தூசியில் டீ ஆடை கட்டியது. வாதம் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

2017-18 அணிதான் அந்த வாதத்துக்குப் புதுப் பெயர்களைக் கொண்டுவந்தது. பயிற்சியாளர் ஜான் கிரிகோரி. நடுக்களத்தில் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். எதிராளி காலிலிருந்து பந்தைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நிற்கிற ஆளிடம் கொடுத்துவிடுவார், அலங்காரம் கிடையாது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவரே ஒரு கோல் போட, ஜேஜே இரண்டு போட, 3-0. அன்று கடையில் அழுதவர்களைப் பார்த்தேன். உலகக் கோப்பைக்கு மாரடோனா படம் ஒட்டிய சுவர்கள் எங்கள் பக்கம் உண்டு. பக்கத்துப் பேட்டைப் பையன் டி.வி.யில் கோல் போட்டு ஓடுவதை அதுவரை பார்த்ததில்லை. கடை மாஸ்டரின் ஓட்டு அன்றோடு கணேஷுக்கு நிரந்தரமாயிற்று. அடுத்த சீசனை முழங்கால் காயம் பறித்துக்கொண்டபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அது அன்பின் ஓட்டு. அதை எதிர்த்து யாரும் பேச மாட்டோம்.

2018 மார்ச் 17, பெங்களூரு, இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிப் போட்டுவிட்டார். சொந்த மைதானத்தில் அவர்கள். கடையில் பேச்சு அடங்கிவிட்டது. 17-வது நிமிஷம் நெல்சன் அடித்த கார்னருக்கு மைல்சன் ஆல்வெஸ் எழும்பினார். இடைவேளைக்குச் சற்று முன் மறுபடி நெல்சன் கார்னர், மறுபடி மைல்சன் தலை. இரண்டு தடவையும் பெரியப்பா உட்கார்ந்தபடியேதான் இருந்தார். ராஃபேல் அகஸ்டோ மூன்றாவது போட்டதும்தான் எழுந்தார். கடைசியில் மிக்கு ஒன்றைத் திருப்பியும் 3-2. மூன்று வருஷத்தில் இரண்டாவது கோப்பை. "ஸ்டாப்பரு ரெண்டு கோலும் போட்டுட்டான். இப்போ இன்னா சொல்ற?" என்று என்னைத்தான் கேட்டார். அந்த ராத்திரிக்குப் பின் அவர் கட்சிக்கு ஆள் சேர்ந்தது.

என் ஓட்டு ஜேஜே லால்பெக்லுவாவுக்கு, அப்போதும் இப்போதும். மெண்டோசாவின் 2015-க்கு இணையான ஒரு சீசனை யாரும் ஆடவில்லை. மைல்சனின் அந்த ஒரு ராத்திரிக்கு இணை கிடையாது. ஆனால் பத்தாண்டின் சிறந்த ஆள் என்றால் பத்தாண்டின் நீளத்துக்கும் அவர் இருந்திருக்க வேண்டாமா? முதல் சீசனிலிருந்து இருந்தவர் ஜேஜே. ஐ.எஸ்.எல்.லில் சென்னைக்கு 23 கோல். இரண்டு கோப்பைகளிலும் அவர் உண்டு. இரண்டு அரையிறுதிகளிலும் அவர் கோல் உண்டு. அந்த மூன்று கோல் இல்லாமல் மெண்டோசாவுக்கும் மைல்சனுக்கும் இறுதி ஆட்டத்துக்கான வழி அவ்வளவு சுலபமாகத் திறந்திருக்காது. வெளிநாட்டு ஃபார்வர்டுகளை நம்பி ஓடிய லீகில் மிசோரம்காரர் ஒருவர் ஒன்பதாம் எண் வேலையைச் செய்தார். கடைசி இடத்துக்குச் சரிந்த 2018-19-லும் அவர் இந்தச் சட்டையில்தான் இருந்தார். அந்த சீசனில் ஒரே ஒரு கோல். பெரியப்பா அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பிடிப்பார். நான் முந்தின வருஷத்து ஒன்பதைக் காட்டுவேன். இந்த ஒன்றும் ஒன்பதும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்திருக்கின்றன.

2020 மார்ச் 14-இல் மூன்றாவது இறுதி ஆட்டம். ஆளில்லாத கோவா மைதானம். கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். பத்தே நாளில் ஊரடங்கு. கடையை அடைத்தார்கள், திரும்பத் திறக்கவில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் மணலிக்கும் மீஞ்சூருக்கும் பிரிந்து போனார்கள். வாதம் தொலைபேசிக்கு மாறியது.

2023 டிசம்பர் 4, மிக்சாம் புயல் நாள். பெரியப்பா வீட்டில் முழங்கால் தண்ணீர், எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய். கரண்ட் வந்து போனில் உயிர் வந்த பிறகுதான் பார்த்தேன்: அதே 4-ஆம் தேதி எண்ணிய மிசோரம் தேர்தலில் தெற்கு துய்ப்புய் தொகுதியில் ஜேஜே 135 ஓட்டில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். பெரியப்பாவைக் கூப்பிட்டு, தண்ணீர் எவ்வளவு வடிந்தது என்று கேட்டுவிட்டு, இதைச் சொன்னேன்.

"நல்ல பையன்பா, நல்லா இருக்கட்டும். ஆனா பெஸ்ட் பிளேயரு மைல்சன்தான்."

ஒன்பது கோலை மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.