செனாய்ப் பக்கம்: சில குறிப்புகள்

செனாய் விமான நிலையம் 1974இல் திறந்தது. அப்போது இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டவை ரப்பரும் செம்பனையும். 2006இல் இஸ்கந்தர் மலேசியா என்ற வளர்ச்சிப் பகுதி வந்தது: 2,217 சதுர கிலோமீட்டர், ஐந்து முதன்மை மண்டலங்கள். செனாய்-ஸ்கூடாய் அதில் ஒன்று.

•

கூலாய் யங் தோட்டம். 664 ஹெக்டேர் செம்பனை. 2021இல் அதை 42.88 கோடி ரிங்கிட்டுக்கு ஒய்டிஎல் குழுமத்துக்கு விற்க ஒப்பந்தமானது. இன்று அங்கே தரவு மையப் பூங்கா. சில்லு நிறுவனமான என்விடியாவுடன் கூட்டு என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள்.

செம்பனை வெட்டுகிறவர் மரத்தடியில் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பார்த்தே மேலே குலை பழுத்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். பிறகுதான் நீளக் கழியில் கட்டிய அரிவாளைத் தூக்குவார். அதுவும் படிப்புதான். தோட்டம் கைமாறியதும் அந்தப் படிப்புக்கு வேலை இல்லாமல் போகிறது.

•

படைப்புத் தொழிலையும் கொண்டுவந்து பார்த்தார்கள். இஸ்கந்தர் புத்ரியில் பைன்வுட் ஸ்டூடியோ. நெட்ஃபிளிக்ஸின் 'மார்கோ போலோ' பெரும்பாலும் அங்கேதான் படமானது. இரண்டு பருவத்தோடு தொடர் நின்றது; 2019இல் பைன்வுட் பெயரும் போனது. கொட்டகை வந்தால் கலைஞர்கள் தானாக முளைத்துவிட மாட்டார்கள்.

•

திறமைசாலிகள் கூடுகிற ஊர்தான் வளரும் என்று நகர ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபுளோரிடா 2002இல் எழுதினார். ஜொகூரில் திறமைசாலிகளுக்குப் பஞ்சமில்லை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார்கள். சிங்கப்பூர் வெள்ளிக்கு இங்கே சுமார் மூன்று மடங்கு மதிப்பு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

•

என் கணக்கில் இந்த வட்டாரத்தை உண்மையாக மாற்றியது ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1980களில் இங்கே வந்தது. ஆண்டுதோறும் பொறியாளர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கட்டடம் ஒரு வருடத்தில் எழும்; அப்படியொரு ஆள்பலம் சேர ஒரு தலைமுறை வேண்டும்.

•

தரவு மையம் கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. கட்டி முடித்தபின் உள்ளே தேவைப்படுவது சிலரே: மின்சாரம், குளிரூட்டல், வலைப்பின்னல் தெரிந்தவர்கள். அந்த இடங்களில் கூலாய் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். மண்ணைக் கொடுத்தது இந்த ஊர்.

வீட்டில் எஸ்பிஎம் முடித்த பிள்ளை இருந்தால் இந்த மூன்று படிப்புகளும் அருகில் எங்கே இருக்கின்றன என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.