பகலில் இருக்கிற ஊர்

கோவையில் சத்தி ரோட்டில் வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கணக்குப் போடுவார்கள். சரவணம்பட்டியில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டுக்குக் கொடுக்கிற பணத்தில், குரும்பபாளையம், கோவில்பாளையம் எல்லாம் தாண்டி அன்னூருக்கு வந்துவிட்டால், மனையும் வாங்கித் தனி வீடும் கட்டி, வாசலில் ஒரு வேம்பும் கொல்லையில் ஒரு முருங்கையும் வைக்க இடம் மிச்சம் பிடிக்கலாம். கீரணத்தம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மனை பார்க்க வருகிறார்கள். சென்ட் விலை கேட்கிறார்கள், டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அன்னூர்க்காரன் என்று தெரிந்தால் என்னிடமும் இரண்டு கேள்வி கேட்பார்கள். தினமும் போய் வர முடியுமாங்க? ஊரு எப்படீங்க?

இவற்றை அவர்கள் தனித்தனிக் கேள்விகளாக நினைக்கிறார்கள். போக்குவரத்து ஒரு தட்டிலும் ஊரின் குணம் இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்தால் எது கனம் என்று தெரிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் கேள்விக்கு என்ன பதிலோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாவதற்குப் பதில் இருக்கிறது.

முதலில் சாலை. அன்னூரிலிருந்து காந்திபுரம் சுமார் 30 கிலோமீட்டர். விடிகாலையில் சத்தியமங்கலத்திலிருந்து வருகிற வண்டியில் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கோவில்பாளையம் வந்துவிடும். அதே வண்டி காலை எட்டரைக்குக் குரும்பபாளையம் வரை ஓடும், அதன் பிறகு ஊர்ந்து போகும். சரவணம்பட்டி சிக்னல், கணபதி, டெக்ஸ்டூல் என்று ஒவ்வொரு இடமும் தன் பங்குக்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும். அன்னூர்க்காரனின் பயணத்தில் அன்னூர்ப் பக்கத்துத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. தாமதம் முழுவதும் நகரத்தின் வாசலில்தான். மனை விற்கிறவர்கள் சொல்கிற நிமிடக் கணக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. திங்கட்கிழமைக் காலையில் ஒரு முறை வந்து போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நாளைக்குச் சரியாகிவிடும் என்பதை நம்பியும் வாங்காதீர்கள். 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் அவிநாசி ரோட்டுக்காரர்களுக்கானது. கோவை மெட்ரோவுக்குச் சத்தி ரோட்டில் ஒரு பாதை வரைந்தார்கள், அதுவும் வழியாம்பாளையம் பிரிவோடு முடிந்தது. அந்த மெட்ரோ திட்ட அறிக்கையையும் 2011 மக்கள்தொகைக் கணக்கைக் காட்டி மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் இருக்கிறது, அன்னூருக்கு இல்லை. நமக்கு இருப்பது இந்த ஒரே ரோடுதான்.

நான் வேலைக்குப் போன காலம் முழுவதும் கோவைக்குப் பஸ்ஸில் போய் வந்தவன். பஸ் பயணத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜன்னலோரம் கிடைத்தால் படிக்கலாம், தூங்கலாம். கோவில்பாளையத்தில் ஏறுகிற சிநேகிதருக்கு இடம் போட்டு வைக்கலாம். பைக்கில் போகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. லாரிகளுக்கும் கல்லூரி பஸ்களுக்கும் நடுவில், தூசியில், முழுக் கவனத்தையும் கொடுத்துவிட்டுக் களைத்து வீடு சேர்கிறான். அதனால் யாராவது கேட்டால் தூரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பஸ்ஸிலா பைக்கிலா என்றுதான் கேட்பேன்.

அலோய்ஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃப்ரே என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் சுவிட்சர்லாந்தில் இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து ஓர் ஆய்வு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். அதிக தூரம் போய் வருகிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ பெற்றிருப்பார்கள், ஆகவே மனநிறைவில் மற்றவர்களுக்குக் குறைந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் பொருளியலின் எதிர்பார்ப்பு. ஆனால் பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைந்துகொண்டே போவதைத்தான் அவர்கள் கண்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. புது வீடு ஆறு மாதத்தில் பழகிவிடும். சாலை பழகவே பழகாது, ஏனென்றால் அது தினமும் வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும்.

கோவைச் சீமையில் இந்தக் கணக்கு புதிதல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் பஞ்சாலைகள் எழுந்தன. மில் சங்கு காதில் விழுகிற தூரத்தில், மிஞ்சினால் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில், தொழிலாளி வீடு பார்த்துக்கொண்டான். பின்னால் திருப்பூர் வளர்ந்தபோது வழக்கம் தலைகீழானது. ஆள் வேலையைத் தேடிப் போய்க் குடியேறுவதற்குப் பதிலாகக் கம்பெனி வண்டி ஊருக்கே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. இன்றைக்கும் அன்னூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் காலையில் பனியன் கம்பெனி வண்டிகளும் மில் பஸ்களும் நின்று நின்று போவதைப் பார்க்கலாம்.

அந்த வண்டிகளில் ஏறுகிற பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. அதற்கு முன்னால் சமையல், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், ஒரு மணி நேர வண்டிப் பயணம். முடிந்து மறுபடியும் ஒரு மணி நேரம். அவர்கள் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். ஆனால் வாரத்தில் ஆறு நாள் இந்த ஊரை அவர்கள் வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. தெருமுனையில் புதிதாக யார் குடி வந்தது, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் மாற்றலாகிப் போனார் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கேட்டுத் தெரிந்துகொள்கிற சேதிகள்.

இந்த இடத்தில்தான் அந்த இரண்டு கேள்விகளும் எனக்கு ஒன்றாகிப் போயின. ஊரின் குணம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது பகலில் இருக்கிறது. அன்னூர் ஒரு நாற்சந்தி. கோவை–சத்தி சாலையை அவிநாசி–மேட்டுப்பாளையம் சாலை குறுக்கே வெட்டுகிற இடம். சத்தியிலிருந்து மல்லிகை, மேட்டுப்பாளையம் பக்கமிருந்து கறிவேப்பிலையும் வாழையும், திருப்பூர்ப் பக்கம் போகிற நூல் மூட்டை என்று ஏதாவது ஒன்று இந்த முக்கைக் கடந்துகொண்டே இருக்கும். பருத்தி ஏலத்துக்குச் சுற்று வட்டார விவசாயிகள் வருவார்கள். தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள் மனு எழுதுகிறவர் முன்னால் நிற்பார்கள். உரக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே வேலை இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, வெளியூரிலிருந்து இதற்கென்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரவுக்கு மட்டும் நிரம்புகிற புறநகரிலிருந்து இந்த ஊர் வேறுபடுவது இதனால்தான். மன்னீஸ்வரர் கோயில் தேரையும், "ஏனுங்கண்ணா, ரண்டு நாளாக் காணோமே, ஒடம்புக்கு என்னங்க?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்பதையும் மட்டும் பார்த்து ஊரின் மேல் ஆசைப்படுகிறவர்கள், அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கடைக்காரர் நம்மைப் பகலில் பல நாள் பார்த்திருக்க வேண்டும் என்பதை யோசிப்பதில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவருக்கு அன்னூரும் சரவணம்பட்டியும் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் முருங்கை இருக்கும், அவ்வளவே.

அவர் மட்டும் இழப்பதல்ல இது. அப்படிப்பட்டவர்கள் கூடக் கூட ஊரும் இழக்கிறது. காய்கறியைச் சரவணம்பட்டியிலேயே வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை நகரத்துப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, பேரூராட்சியில் குடிநீர்ப் பிரச்சினைக்குக் கூட்டம் என்றால் வர நேரமில்லாத வீடுகள் நூறு வந்தால், எந்தக் குணத்தை விரும்பி அவர்கள் வந்தார்களோ அது மெல்லக் குறையும். அவர்கள் மேல் குற்றமில்லை. நேரம் ரோட்டில் போய்விடுகிறது.

ஊரின் குணத்தைப் புகழ்கிறவர்கள் மறைக்கிற பக்கம் ஒன்று உண்டு. குடிவரப் போகிறவரிடம் "நீங்க எந்த ஊருங்க, எந்தப் பக்கமுங்க?" என்று கேட்கிற கேள்விக்குள் சாதி இருக்கிறது. பதிலைப் பொறுத்து, காலியாக இருக்கிற வீடு "நேத்துதானுங்க பேசி முடிச்சோம்" என்று ஆகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். மரியாதையாக ‘ங்க’ போட்டுப் பேசுகிற அதே வாய்தான் அதையும் சொல்கிறது. தலித் குடும்பம் ஒன்று வாடகைக்கு வீடு தேடி இங்கே அலைவதற்கும், சரவணம்பட்டி அபார்ட்மென்ட்டில் ஆதார் நகலும் அட்வான்ஸும் கொடுத்துச் சாவி வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. யாரும் யாரையும் கேட்காத இடத்தைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்து ஊர்ப்பற்று இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே இது மாற வேண்டும். மாறும்வரை, ஊரின் நெருக்கத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி சிபாரிசு செய்ய முடியாது.

பயணத்தைக் குறைக்க இன்னொரு வழி சொல்கிறார்கள்: ஊர் வேலையைத் தேடிப் போகாமல், வேலையே ஊருக்கு வரட்டும் என்று. 2022-இல் அன்னூர், மேட்டுப்பாளையம் தாலுகாக்களில் 3,800 ஏக்கருக்கு மேல் எடுத்துத் தொழிற்பூங்கா அமைக்கத் தமிழக அரசு முனைந்தது. அக்கரை செங்கப்பள்ளி, குப்பனூர், வடக்கலூர், பொகலூர் விவசாயிகள் ‘நமது நிலம் நமதே’ என்று குழு அமைத்துப் போராடினார்கள். விளைநிலத்தில் கை வைக்க மாட்டோம், தனியார் நிறுவனத்திடம் இருக்கும் தரிசு நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. வேலை அருகில் வருவது நல்லதுதானே, ஏன் எதிர்த்தார்கள் என்று நகரத்து நண்பர்கள் கேட்டார்கள். காடு வைத்திருப்பவனுக்கு வீட்டுக்கும் வேலைக்கும் இடையே வேலிதான் தூரம். அவனை எழுப்பி, பணம் கொடுத்து, எங்கேயோ வீடு வாங்கிக்கொண்டு இங்கே வேலைக்கு வா என்று சொல்வதுதான் அந்தத் திட்டம். நான் அந்த விவசாயிகள் பக்கம் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஆனால் தொழில் வரவே கூடாது என்று நினைக்கவில்லை. தரிசில் வரட்டும். திருப்பூர் வண்டியில் ஏறுகிற பெண்ணுக்கு இங்கேயே எட்டு மணி நேர வேலை கிடைக்கட்டும்.

அந்த விவசாயம் தழைக்கத் தண்ணீர் வேண்டும். ஆயிரம் அடி போர் போட்டும் புகை பறந்த பூமி இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் ஓடும் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வருகிறார்கள். அந்த ஆறில் ஒன்று அன்னூரில் இருக்கிறது. வீடு வாங்க வருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். குழாயில் எந்த நாளில் தண்ணீர் வரும், பக்கத்துப் போரில் எத்தனை அடியில் நிற்கிறது என்பது, ஐ.டி. பார்க் எத்தனை நிமிடம் என்பதைவிடக் குறைந்த கேள்வியா?

என் அண்ணன் மகள் போன மாதம் இந்த யோசனையோடு வந்தாள். அவளுக்குக் கீரணத்தத்தில் வேலை, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாப்பிள்ளைக்குப் பீளமேட்டில் வேலை. ஒரு பையன், கூடவே மாமியார். "வெலை கம்மிங்கறதுக்காக மட்டும் கேக்கலீங்க சித்தப்பா. பையன் நாலு பேரு பேரைத் தெரிஞ்சு வளரட்டும்னு ஆசைங்க" என்றாள்.

"உங்க ரெண்டு பேரு போக்குவரத்தை மட்டும் கணக்குப் போடாதே அம்மணி" என்றேன். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பயணம் இருக்கிறது. மாமியாருக்கு மாதா மாதம் ஆஸ்பத்திரி, பையனுக்குப் பள்ளி, விருந்தாளி வந்தால் காந்திபுரத்துக்குப் போய் அழைத்து வருவது. எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கச் சொன்னேன். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். வீடு தூரமாகிப்போன குடும்பங்களில், ஓராண்டு ஈராண்டு தாக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வேலையை விடுவது பெண்ணாகத்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு நாள் வந்தால் யார் வேலையை மாற்றுவது என்பதை மனை பார்ப்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். பையனை நகரத்துப் பள்ளி வேனில் ஏற்றுவதாக இருந்தால் இங்கே வரவே வேண்டாம், இங்குள்ள பள்ளியில் சேர்ப்பதானால் வாருங்கள் என்றும் சொன்னேன். நாலு பேர் பேர் தெரிய வேண்டுமென்றால் அவன் சாயங்காலம் நாலரைக்கு இந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாங்கறதை அப்புறம் பாத்துக்கலாங்க மாமா, மொதல்ல வாடகைக்கு இருந்து பாக்கறோமுங்க" என்றார். கோயில் பக்கம் ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் பையனை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். அவள், பையன், மாமியார் மூன்று பேருக்கும் இந்த ஊர் சரிப்படும் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பீளமேடு, இந்த ஊரையும் பகலில் பார்த்துக்கொண்டு தினமும் போய் வருகிற தூரமல்ல. சத்தி ரோட்டிலேயே, கோவில்பாளையம் பக்கமாக அவருக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.