மூன்று சீட்டும் ஒரே மேசையில்

தேசூரில் பட்டுத்தறியில் உட்காருகிறவர்களுக்கு முதுகும் முட்டியும்தான் முதலில் போகும். தறிக்குழிக்குள் காலை விட்டு, நாள் முழுக்க மிதித்துக்கொண்டு குனிந்தே செய்கிற வேலை. பொழுது சாய்ந்ததும் நான் மருந்தாளுநராக இருக்கும் மருந்துக் கடைக்கு வந்து, "தம்பி, வலி மாத்திரை ரெண்டு குடு" என்பார்கள். சீட்டு இருக்காது. டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போய்விடும். அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் எடுத்து நீட்டிவிட மாட்டேன். "பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களாக்கா?" என்பேன். "அதான் வீட்டுக்கே வந்து குடுக்கறாங்களே!" 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தைச் சொல்கிறார். அருமையான திட்டம். ஆனால் கேட்டால் ஒழிய அந்த மாத்திரைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வலி மாத்திரையான டைக்ளோஃபினாக் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷருக்கு லோசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகமே கெடலாம். அதனால் பாராசிட்டமால் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவேன். "மெடிக்கல்ல இருக்கறவருக்கு எதுக்கு இத்தனை கேள்வி?" என்று சிலருக்குக் கோபம் வரும்.

ஒரே ஆளிடம் வந்தவாசி ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆரணி எலும்பு டாக்டர் சீட்டு, வீட்டுக்கு வந்த மாத்திரை எல்லாம் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்திருக்க மாட்டார். மூன்றும் சேர்ந்து கண்ணில் படுவது எங்கள் மேசையில்தான். எங்கள் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன்.

பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948 பார்மசி சட்டம். நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் 2015 விதிமுறைகள் எங்கள் பொறுப்பாக்கின. ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்க, மருந்தாளுநர் இல்லாத கடைகளும் உண்டு. பிறகு ஜனங்கள் எங்களை எடுத்துக் கொடுக்கிற ஆளாகப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்? சீட்டில் சந்தேகம் வந்து போன் செய்தால், டாக்டர்களிலும் இரண்டு விதம். "எழுதினதைக் குடுங்க" என்று போனை வைத்துவிடுகிறவர் உண்டு. "நல்லவேளை கேட்டீங்க" என்று மாற்றிச் சொல்கிறவரும் உண்டு.

என் பங்குக்கு, மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் காலை மாத்திரை உறையில் சூரியன், ராத்திரி மாத்திரை உறையில் பிறை வரைந்து கொடுப்பேன். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்வேன். இப்போது சிலர் மஞ்சப்பையோடு வருகிறார்கள். ஒரு பாட்டியின் பையில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினே இரண்டு பெயரில் இருந்தது, இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் போன் போட்டேன். ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டார்.