மண் மறுபடி மண்ணாகும்

வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெருமை பக்கத்திலேயே இருந்தும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கலை என்றால் ஓவியப் போட்டியும் சர்டிஃபிகேட்டும்தான்.

கோடை லீவில் நடந்த ஒரு களிமண் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். வந்திருந்த கலைஞர், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தன் வேலையையும் பார்த்தார். அவர் செய்த குதிரைக்கு ஈரம் அதிகமாகிக் கால் வளைந்துவிட்டது. சட்டென்று நசுக்கி, உருட்டி, மறுபடி ஆரம்பித்தார். பக்கத்துச் சிறுமி அவரையே பார்த்தாள். அதுவரை கண் கலங்க ஒட்டவைத்துக்கொண்டிருந்த தன் யானையை அவளும் நசுக்கினாள், சிரித்துக்கொண்டே.

சூளையில் வைக்கும்வரை எந்தப் பொம்மையையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து மறுபடி மண்ணாக்கலாம். வெந்த பிறகுதான் மாற்ற முடியாது. கைதேர்ந்தவருக்கும் முதல் தடவையிலேயே வந்துவிடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வேலை செய்கிற கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தானாகவே புரிந்துவிடுகிறது.

அடுத்த லீவில் டிராயிங் கிளாஸுக்குப் பணம் கட்டும் முன், ஒரு நாள் வில்லியனூர் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போங்களேன்!