அரைச் செண்டு நிலம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எனக்கும் கணிதத்திற்கும் நெடுநாட் பகை. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் ஒரு தசமப் புள்ளியாலே எங்கள் இல்லத்தில் பிளவொன்று நேர்ந்தது. அதற்குக் காரணன் யானே. அதனை ஈண்டு எழுதுதல் எனக்குப் பெருமை தருவதன்று. எனினும், என்னைப் போல் எண்களைக் கண்டு மயங்கும் தோழர் சிலர் நம் கலாசாலையில் இருத்தல் கூடுமென்று எழுதலானேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறையை அடுத்துளது. செம்மண் நிலம், வானம் பார்த்த பூமி. மழை பெய்தாற் சோளமும் நிலக்கடலையும், பொய்த்தாற் கிணற்றடி முருங்கையும் எங்களைக் காக்கும். என் பாட்டனார் வாங்கிய புன்செய் ஒன்றைப் பாகம் செய்துகொள்ள எண்ணிய என் தந்தையாரும் சித்தப்பாவும் தகரப்பெட்டியைத் திறந்து ஆவணங்களை என்னிடம் தந்தனர். வீட்டிற் படித்தவன் யானன்றோ! மதுரை ஜில்லா என்று தொடங்கும் பழைய கிரயப் பத்திரம் (திண்டுக்கல் தனி மாவட்டமாயினது 1985 ஆம் ஆண்டில்) 3 ஏக்கர் 7 செண்டு என்றது. பட்டாவோ 1 ஹெக்டேர் 24.00 ஏர் என்றது. கைபேசியில் அதனை ஏக்கராக்கினேன். 3.0641067 என்று விடை வந்தது. அரைச் செண்டுக்குச் சற்று மேலாக, ஏறக்குறைய 260 சதுர அடி நிலம் காணவில்லை என்று திண்ணையில் இருந்தார் அனைவரும் கேட்க உரக்கக் கூறினேன். எட்டு இலக்கம் கொண்ட எண் பொய் சொல்லுமோ என்ற இறுமாப்பு எனக்கு.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பாவை ஒருமுறை நோக்கினார். அந்நிலத்தின் மேல்பக்கத்துக் காடு சித்தப்பா தம் உழைப்பால் வாங்கியது. இடையிலுள்ள வரப்பு மழையிற் கரைந்தபோது அதனைத் திரும்ப இட்டவரும் அவரே. அப்பார்வையின் பொருள் அவர்க்கு விளங்கிற்று. துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு எழுந்து போயினார். அடுத்த ஞாயிறு முதல் ஆலயத்தில் ஒரே வரிசையில் அமர்ந்து வந்த உடன்பிறந்தார் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அமர்ந்தனர். பாகப் பேச்சும் நின்றது.

நிற்க. விடுமுறை கழிந்து விடுதிக்கு மீண்டேன். என் அறைத்தோழர் பௌதிகம் பயில்பவர். ஓர் இரவு அவர் தம் செய்முறை ஏட்டைக் காட்டி வருந்தினார். வெர்னியர் அளவியால் ஒரு குண்டின் விட்டத்தை மும்முறை அளந்து 2.43, 2.44, 2.44 சென்டிமீட்டர் என்று கண்டு, சராசரியை 2.4366667 என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து 2.44 என்று திருத்தியிருந்தார். அக்கருவி சென்டிமீட்டரில் நூற்றில் ஒரு கூறு வரையே காணவல்லது. அதற்கப்பால் வந்த இலக்கங்கள் குண்டிலிருந்து வந்தனவல்ல, மூன்றால் வகுத்ததனால் வந்தன. மேனிலைப் பள்ளியில் முக்கிய எண்ணுருக்கள் என்றும் முழுமைப்படுத்தல் என்றும் மனப்பாடம் செய்ததெல்லாம் இதுதானா என்று திடுக்கிட்டேன். அவருடைய எண்ணிலும் எட்டு இலக்கம். என்னுடையதிலும் எட்டு இலக்கம்!

பட்டாவின் படியை எடுத்து மீண்டும் நோக்கினேன். அதிற்கண்ட எங்கள் புலங்கள் யாவற்றின் பரப்பும் .00 என்றோ .50 என்றோ முடிந்தன. அரை ஏருக்குக் குறைந்த எதுவும் அதில் இல்லை. ஆகவே 24.00 என்பதன் ஈற்றுச் சுழிகள் நுண்ணிய அளவைக் காட்டுவன போலத் தோன்றினும், அரை ஏர் என்னும் படியால் அளந்து தலைதட்டியதையே காட்டுகின்றன. இம்முறை பழைய பத்திரத்திலிருந்து முன்னோக்கிக் கணக்கிட்டேன். 3.07 ஏக்கர் 124.24 ஏர் ஆகும். அதற்கு அணித்தான அரை ஏர்க் கணக்கு 124. விடுபட்ட கால் ஏர் அளவே யான் காணவில்லை என்று கூவிய 260 சதுர அடி. நிலத்தை ஒருவரும் எடுக்கவில்லை. ஏட்டிலே குறைந்ததை யான் காட்டிலே தேடினேன்.

அங்ஙனமாயின் பழைய பத்திரத்தின் 7 செண்டாவது உறுதியோ? அக்காலத்து நில அளவைக்குரிய சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது. ஒரு கண்ணி எட்டு அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. எங்கள் நிலம் ஏறக்குறையச் சதுரமாய்ப் பக்கத்திற்கு 366 அடி உடையது. ஒரு பக்கத்தை அளக்கையில் ஒரே ஒரு கண்ணி பிசகினால் பரப்பில் 240 சதுர அடி மாறும். இரண்டடி அகலமுள்ள அவ்வரப்போ தான் மட்டும் 700 சதுர அடிக்கு மேல் அடைத்துக்கொண்டு கிடக்கின்றது. அவ்வரப்பின் மேல் நின்றுகொண்டே அரைச் செண்டிற்கு வழக்காடினோம்!

நுண்ணிய எண்ணெல்லாம் பிழை என்று யான் கூறவில்லை. இராசராச சோழன் காலத்து நிலக்கணக்கில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். வேலியை ஆறரை ஏக்கர் அளவினதாகக் கொண்டால் அப்பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பாதி. கடுகு ஒன்று அமரவும் இடம் போதாது. எக்கோல் கொண்டு அதனை அளந்திருப்பர்? கோலால் அளந்ததன்று, முந்திரியும் (320இல் ஒன்று) கீழ்முந்திரியுமாக மேன்மேலும் வகுத்துச் சென்றதனால் வந்தது என்றே யான் கருதுகின்றேன். கணக்கின் இடையிலே வெட்டிவிட்டால் ஈற்றிலே தொகை ஒவ்வாது. ஆதலின் அக்கணக்கர் பின்னங்களை இறுதிவரை சுமந்து சென்றனர் போலும். அவர்மீது எனக்கு மதிப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்திலும் இவ்வேறுபாட்டைக் கண்டேன். கரைக்கும் படவுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய இருநூறு முழம் என்றும், வலையிற்பட்ட மீன்கள் நூற்றைம்பத்து மூன்று என்றும் அங்கே காணப்படுகின்றன. மீனை எண்ணினர், தொலைவை மதித்தனர். பலமுறை கேட்ட பகுதிதான். எனக்கு இதுவரை புலப்பட்டதில்லை.

அடுத்த விடுமுறையில் ஊர் சென்று, சித்தப்பாவை அவர் இல்லத்திற் கண்டு, பிழை என்னுடையது என்று கூறி அழைத்து வந்தேன். இருவர் முன்னும் தாளில் எழுதிக் காட்டினேன். தசமமும் ஏரும் தந்தையார்க்கு எளிதில் விளங்கவில்லை. முற்றத்தில் “இலாபம், இரண்டு, மூன்று” என்று சோளம் அளந்துகொண்டிருந்த அப்பத்தாவுக்கே அது முதலில் விளங்கிற்று. “படியைத் தலைதட்டினா மேலே இருந்தது குமியிலேதானே விழும்? அதை யார் திருடினது?” என்றாள். சித்தப்பா சிரித்துவிட்டார். “அப்படின்னா நம்ம நிலம் எவ்வளவுதான்டா?” என்று தந்தையார் என்னைக் கேட்டார். மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே என்றேன். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

மறுநாட் காலை மூவரும் நிலத்திற்குச் சென்றோம். பழைய எல்லைக் கற்கள் நான்கும் அவ்வவ்விடத்தே இருந்தன. நடுவே புதுக் கல் நாட்டுவதற்காகத் தந்தையார் கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா நடந்தார். கயிறு இடையிலே சற்றுத் தொய்ந்திருந்தது. அதனை மூவரும் கண்டோம், ஒருவரும் கூறவில்லை.